அக்காவின் மூலம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். அக்காவின் சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேடைமேல் மண்ணோடு குவிந்து கிடந்த பிடிகருணை. இரண்டு கிலோவுக்குக் குறையாது. தனியாக இருப்பவள் மூன்று வேளையும் தின்றாலும் ஒரு வாரத்தில் தீராது. பக்கத்தில் ஒரு சொம்பு நீர்மோர், வெந்தயம் ஊறிக்கொண்டிருந்த கிண்ணம், ஈரத்துணியில் சுற்றிய துத்தி இலை.

மூன்று வருடங்களுக்கு முந்தைய சித்திரை அது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. நான் தென்னூரிலிருந்து சத்திரம் பஸ் நிலையம் வந்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்திருந்தேன். பட்டுப்புடவையில் தயாராக இருப்பாள் என்று நினைத்தேன். பழைய நூல்புடவையில், சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"இவ்வளவு கருணை எதுக்கு?"

"சூடு."

"என்ன சூடு?"

"சித்திரை மாசம் திருச்சில நின்னுண்டு என்ன சூடுன்னு கேக்கறே. நீதான் பேப்பர்ல வேலை பாத்தவளா?"

நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். பதில் வராத கேள்வியை வேறு பக்கமாகக் கேட்பது பழக்கம்.

"எவ்வளவு நாளா?"

"போன கோடைலேர்ந்து. நடுவில மார்கழில கொஞ்சம் அடங்கித்து."

"ரத்தம் போறதா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூலம்னா போகாம என்ன பண்ணும்?"

"மூலம்னு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? மூலம் எனக்கு என்ன புதுசா?"

அக்கா பிறந்தது மூல நட்சத்திரத்தில். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பது பெண் பார்க்க வருகிற எல்லாருக்கும் தெரிந்த வாசகம். மூலத்துப் பெண் மருமகளாக வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். மாமனார் ஏற்கெனவே இல்லாத இடமாகப் பார்த்து அப்பா பல ஊர் அலைந்தார். ஒன்றும் அமையவில்லை. ஐந்து வயது சின்னவளான எனக்கு முதலில் கல்யாணம் நடந்தது. பந்தியில் அக்காதான் பரிமாறினாள். "மாமனார் இல்லாத இடமா தேடித் தேடி, கடைசில எனக்கு அப்பாவே இல்லாமப் போயிட்டார்" என்று பின்னாளில் ஒருமுறை சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

ட்ரங்க் கால் காலத்திலிருந்து தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தாள். துபாய்க்கும் குவைத்துக்கும் போனவர்களின் வீட்டார் வரிசையில் காத்திருப்பார்கள். அவள் இணைத்துக் கொடுப்பாள். மலைக்கோட்டைக் கடைத்தெருவில் அவள் வாயைத் திறந்தால், முகம் தெரியாத கடைக்காரர்கள் குரலை அறிந்து நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு வருடமாக ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டதால் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. மூலத்துக்குக் கருணைக்கிழங்கு உண்டு, மோர் உண்டு, நாட்டு மருந்துக் கடையில் ஒரு சூரணம் உண்டு. காரத்தைக் குறைத்தால் போதும். அவள் அதற்கு மேலும் குறைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வயசு?"

"அறுபத்தஞ்சு."

"வீட்டுக்காரர்?"

"இல்லை."

அந்தப் பெண் ஏதோ தட்டினாள். அக்கா எட்டித் திரையைப் பார்த்தாள். "விதவைன்னு போட்டுட்டேளா? இல்லைன்னா போயிட்டார்னு அர்த்தம் இல்லைம்மா. வரவே இல்லைன்னு அர்த்தம்."

பெண் சிரித்துவிட்டுத் திருத்தினாள். "சரிங்க மாமி. கூட யாரு?"

"இவ. என் தங்கை."

"கூடவே இருப்பாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். "கூப்பிட்டா வருவா" என்றாள்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை மருத்துவர் சின்ன வயதுப் பெண். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா, இது மூலம் இல்ல. மலக்குடல்ல புற்று. ரொம்பக் கீழ இருக்கு. மொதல்ல கதிர் குடுத்துச் சுருக்கணும். அப்பறம் ஆபரேஷன். ஆசனவாயோட சேர்த்து எடுத்துட்டு, வயித்துல ஒரு வழி வெப்போம். அதுமேல ஒரு பை ஒட்டிக்கணும். மலம் அதுல வந்துரும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது நிரந்தரம்மா."

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "கோவிலுக்குப் போலாமா?" என்றாள்.

"தாராளமா. எங்க வேணா போலாம். பஸ்ல போலாம், கல்யாணத்துக்குப் போலாம்."

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதுபோல அக்கா டாக்டரைப் பார்த்தாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது சொன்னாள்: "கதிர் வேணா குடுக்கட்டும். ஆபரேஷன் வேண்டாம்."

ஏன் என்று அன்று மாலை வீட்டில் கேட்டேன். அவள் கோபப்படவில்லை, கணக்கு சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். "உள்ள இருக்கற வரைக்கும் அது என் உடம்பு. எல்லாருக்கும்தான் உள்ள இருக்கு. அதோடதான் எல்லாரும் அவர் முன்னாடி நிக்கறா. வெளில ஒரு பையில வந்துடுத்துன்னா அது உடம்பு இல்லை, மலம். அதை இடுப்புல கட்டிண்டு பெருமாள் முன்னாடி போய் நிக்கறதா?"

அவள் வீடு வடக்கு உத்திர வீதியில். ஸ்ரீரங்கத்தில் கோவிலைச் சுற்றி ஊர் இருப்பதில்லை. கோவிலின் மதில்களுக்குள்தான் ஊர் இருக்கிறது. ஏழு மதில்களில் மூன்று அவள் வீட்டுக்கு வெளியே, நான்கு உள்ளே. நினைவு தெரிந்த நாளிலிருந்து, தீட்டு நாட்களும் வெளியூர் போன சில நாட்களும் தவிர, தினமும் மூலவரைச் சேவித்தவள். டூட்டி முடிந்து வந்தால் நேரே போகமாட்டாள். குளித்து, புடவை மாற்றி, பிறகுதான் போவாள். பெரிய வேண்டுதல் எதுவும் கிடையாது. "போய் ஆஜர் கொடுத்துட்டு வரேன்" என்பாள். பையை ஒட்டினால் அது நின்றுவிடும். ஒட்டாவிட்டால் அவளே நின்றுவிடுவாள். அந்த வருடம் முழுக்க எங்களுக்கு இடையில் இருந்தது இந்த ஒரே விஷயம்தான்.

டாக்டரிடம் நான் மட்டும் மறுபடி போனேன். எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. ஆபரேஷன் செய்தால் எவ்வளவு, செய்யாவிட்டால் எவ்வளவு. இத்தனை ஆண்டுகள் உயிர்பிழைப்போர் இத்தனை சதவீதம் என்று ஏஜென்சியிலிருந்து வரும் செய்திகளை நான்கு வரியாக வெட்டி உள்பக்கத்தில் போட்டிருக்கிறேன். அந்தச் செய்திகளில் எல்லாரும் பன்மையில்தான் வருவார்கள்.

டாக்டர் எண் எதுவும் தரவில்லை. "நெறைய பேரைப் பத்திக் கேட்டா சொல்லலாம்க்கா. உங்க அக்கா ஒருத்தரைப் பத்தி எப்படிச் சொல்றது?" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஒரே மாதிரிக் கட்டி, ஒரே ஆபரேஷன். ஒருத்தர் நல்லா இருக்காங்க, ஒருத்தர் போயிடறாங்க. எப்ப வந்தாங்கங்கறது பெருசு. வயசு. எங்கேருந்து வர்றாங்க, வீட்ல யாரு இருக்காங்க. இதெல்லாம் மருந்து மாதிரியே வேலை பாக்குது. துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துலேருந்து வீட்டுக்காரரோட ஒரு அம்மா ரெண்டே மாசத்துல வந்துடறாங்க. இங்க பக்கத்துத் தெருவுல தனியா இருக்கறவங்க ஒரு வருஷம் கழிச்சு வர்றாங்க."

"ஏன்?"

"ஒருத்தர் எத்தனை தடவை பாத்ரூம் போறாங்கன்னு கவனிக்க வீட்ல இன்னொருத்தர் வேணும்ல?"

கதிர் சிகிச்சை வைகாசியில் தொடங்கியது. வாரத்தில் ஐந்து நாள். நான் தென்னூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போவேன்; அக்கா ஸ்ரீரங்கத்திலிருந்து வருவாள். காத்திருக்கும் கூடத்தில் வெளிர்நீல நாற்காலிகள். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். ஐம்பதைத் தொடாத வயது, கறுப்புப் புர்கா, கையில் பிளாஸ்க். எப்போதும் பக்கத்தில் கணவர். மலைக்கோட்டைச் சந்து ஒன்றில் ஜரிகை, பட்டன் விற்கும் கடை அவருடையது. மனைவிக்கு மருந்து ஏறும் நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். வீடு தென்னூரில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவ்வளவு வருடங்களில் நான் அவர்களைப் பார்த்ததில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, பையும் வைத்தாகிவிட்டது. பிறகு ஏற்றும் மருந்துக்காக வந்துகொண்டிருந்தார். அக்காவுக்கும் அதே இடத்தில் அதே நோய் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை நாள் கழிச்சு வந்தீங்க மாமி?"

"ஒரு வருஷம். மூலம்னு நினைச்சுண்டிருந்தேன்."

"நானும் மூலம்னுதான் நெனச்சேன். எங்க கொழுந்தன் பொண்ணு நர்ஸு. சவூதிலேருந்து லீவுல வந்தவ, ஒரு நாள் பாத்துட்டு, என்ன சாச்சி இத்தன வாட்டி போறீங்கன்னு கேட்டா. மறுநாளே இழுத்துட்டு வந்துட்டா." கணவரைக் காட்டினார். "இவங்களும் ஒரு மாசமா சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. நான்தான் கேக்கல."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பை... தொந்தரவு பண்றதா?"

"ஆரம்பத்துல அழுதேன். இப்ப பழகிப் போச்சு. எங்க வீட்டுக்காரர விட இது சொன்ன பேச்சு கேக்குது."

கணவர் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக்கொண்டே, "காதுல விழுந்துச்சு" என்றார்.

"விழட்டும்னுதான் சொன்னேன்."

அக்கா சிரித்தாள். பல வாரங்களாக நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. பிறகு, கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டாள். "தொழுகைக்கு? சுத்தம் வேணுமே உங்களுக்கும்?"

"வேணும் மாமி. கைகால் கழுவி ஒளு செய்யாம எப்படி? நான் மருகிக்கிட்டுக் கெடந்தேன். இவங்க போய் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட கேட்டுட்டு வந்தாங்க. ஒடம்பு நம்ம கையில இல்லாதவங்களுக்குச் சலுகை இருக்காம். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா கைகால் கழுவிக்கிட்டு நிக்க வேண்டியதுதான். நடுவுல வந்தா அது நம்ம குத்தம் இல்ல. நிக்கிறேன்."

"எங்களவாள்ல அப்படி யாரைக் கேக்கறது?"

"ஏன், நேரா அவருகிட்டயே கேளுங்க. வருஷம் முழுக்கப் படுத்த படுக்கையாத்தானே இருக்காரு. ஒடம்புக்கு முடியாதவங்க கஷ்டம் அவருக்குத் தெரியாதா?"

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். "பாத்தியாடி" என்று என் தொடையைத் தட்டினாள். "நம்ம பெருமாளை ஒரே வார்த்தையில பேஷண்ட் ஆக்கிட்டா."

"எங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணும் அங்க இருக்கால்ல மாமி. மாப்பிள்ளைய நாங்க கிண்டல் பண்ணாம யாரு பண்ணுவா?"

பெருமாளைத் தேடி வந்த சுல்தான் மகளுக்குக் கோவிலுக்குள் இருக்கும் துலுக்க நாச்சியார் சன்னதியைத்தான் சொன்னார். அது அக்காவுக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் போனில் பேசத் தொடங்கினார்கள். எனக்குச் சொல்லாத பலவற்றை அக்கா அவரிடம் சொன்னாள் என்று நினைக்கிறேன். அதே நோய், அதே இடம். என்னிடம் அது இல்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதம் கிடைத்தது ஆடியில், பாலத்தின் மேல். மேட்டூர் அணை திறந்து பல நாட்கள் ஆகியிருந்தன; காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலேயே சொன்னாள்.

"எடுக்கச் சொல்லிடு."

"என்ன திடீர்னு?"

"போயிட்டேன்னா சேவிக்கவே முடியாது. இருந்தா, உள்ள போக முடியலேன்னாலும் பக்கத்துல இருக்கலாம். அவர் அங்க இருக்கார்ங்கறதாவது தெரிஞ்சுண்டிருக்கலாம்."

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. முதல் தடவை கட்டைப் பிரித்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள், நான் பார்த்தேன். இடது பக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, ஈரமாக, சிவப்பாக, செம்பருத்தி மொட்டு அளவில் அந்தப் புது வழி. அதில் வலி தெரியாது என்று நர்ஸ் சொன்னார். தொட்டால்கூடத் தெரியாதாம். பையை எந்த அளவுக்கு வெட்டுவது, சுற்றித் தோலை எப்படித் துடைப்பது என்று எனக்கும் அவளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து மாதம் அவளை என் வீட்டில் வைத்திருந்தேன். தென்னூர்ப் பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, புடவைக்குள் பையின்மேல் கட்டிக்கொள்ள மெல்லிய துணிப்பட்டை தைத்துக் கொடுத்தார். ஓரத்தில் ஜரிகை வைத்திருந்தார். "கல்யாணத்துக்குப் போனா இதக் கட்டிக்கங்க மாமி" என்றார்.

"எந்தக் கல்யாணத்துக்கு? எனக்கா?" என்றாள் அக்கா.

தை மாதத்தில் மருந்து எல்லாம் முடிந்து ஸ்ரீரங்கம் திரும்பினாள். தனியாக இருக்கவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பெருமாள் உள் என்கிற பூஜையறையில் விளக்கேற்றினாள், படங்களைத் தொடவில்லை. பூவை ஒரு தட்டில் வைத்துக் கீழே வைப்பாள். நான் போகும் நாளில் நான் எடுத்துச் சாத்துவேன்.

மாலையில் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தினமும் ஒரே வழியில் நடந்தாள்: உத்திர வீதியைச் சுற்றித் தெற்கே வந்து, ரங்கா ரங்கா கோபுரம் வரைக்கும். செருப்பு விடும் இடம் வந்ததும் நின்றுவிடுவாள். கொஞ்ச நேரம் ஓரமாக நிற்பாள். சேவித்துவிட்டு வெளியே வரும் தெரிந்த முகம் யாராவது தட்டுப்பட்டால் கேட்பாள்: "இன்னிக்கு என்ன சாத்துப்படி?" அவர்கள் பெருமாள் உடுத்தியிருந்ததைச் சொல்வார்கள். பச்சைப் பட்டு, முத்துக் கொண்டை, இப்படி ஏதாவது. கேட்டுக்கொண்டு திரும்பி நடப்பாள். ஒருமுறை நானும் உடன் போனேன். உள்ளேயிருந்து வந்த துளசி வாசனை எனக்கே தெரிந்தது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்ததைப் பார்த்தேன்.

"யாரையாவது கேட்டுட்டு வரட்டுமா?" என்றேன். "அர்ச்சகர் யாரையாவது. பெயர் சொல்லாம, பொதுவா."

"வேண்டாம்."

"ஏன்?"

"நீ பேப்பர்க்காரி. கேட்டாத்தான் உனக்கு ஆகும். கேட்டு, கூடாதுன்னு சொல்லிட்டா? இப்போ ரெண்டும் இருக்கு. கேட்டா ஒண்ணுதான் இருக்கும்."

டாக்டரிடமும் அவள் அப்படித்தான். ஸ்கேன் எடுப்பாள். முடிவை வாங்கி என்னிடம் கொடுப்பாள். நான் படிப்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். வாயால் ஒரு கேள்வி கேட்டதில்லை.

டாக்டர் சொன்ன காரணங்களை நான் மனதில் இரண்டு பத்தியாகப் பிரித்து வைத்திருந்தேன். பழைய தொழில் அப்படி. இடது பக்கம் அக்கா: வயது அதிகம், தாமதமாக வந்தவள், தனியாள். வலது பக்கம் தென்னூர்ப் பெண்: வயது குறைவு, சீக்கிரம் வந்தவர், கடையைப் பூட்டிவிட்டு வரும் கணவர், குடும்பத்தில் ஒரு நர்ஸ். எந்தப் பக்கம் நீளமாக ஓடவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

போன வருட ஐப்பசியில் தென்னூர்ப் பெண்ணுக்குக் கல்லீரலில் மீண்டும் வந்தது. பிறகு நுரையீரலில். அக்காவுக்கு அவர் அதைச் சொல்லவில்லை. ஜலதோஷம், தொண்டை சரியில்லை என்றார். ஆனால் முப்பது வருடம் குரலைக் கேட்டே வேலை பார்த்தவள் அக்கா. "மூச்சு எட்டலை அவளுக்கு. வார்த்தைக்கு நடுவில நிறுத்தறா" என்று என்னிடம் சொன்னாள். பங்குனியில் ஒருநாள் மத்தியானம் கணவர் கூப்பிட்டு, அவர் போய்விட்ட தகவலைச் சொன்னார். அக்கா ஆட்டோ பிடித்துத் தனியாகவே தென்னூருக்கு வந்துவிட்டாள். நான் அங்கே போனபோது, பெண்கள் அமர்ந்திருந்த கூடத்தில் ஒரு மூலையில், தரையில், சாதாரணப் புடவையில் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளிடம் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். வெளியார் வீட்டில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது கணவர் வாசல் வரை வந்தார். "மாமி கோயிலுக்குப் போனாங்களான்னு ரெண்டு நாளைக்கு ஒருதரம் கேப்பா. இன்னும் போகலங்கன்னு சொன்னா, என் பேச்ச யாரு கேக்குறான்னு சலிச்சுக்குவா" என்றார். அவர் சிரிக்க முயன்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

என் இரண்டு பத்திகளை அதன் பிறகு நான் எடுத்துப் பார்க்கவில்லை.

இந்த ஆனியில் கேட்டை நட்சத்திரத்தன்று கோவிலில் ஜேஷ்டாபிஷேகம். அதை ஒட்டி மூலவருக்குத் தைலக்காப்பு சாத்துவார்கள். அப்போதிருந்து ஒரு மண்டலம், திருமுகம் மட்டும்தான் சேவை. கழுத்துக்குக் கீழே திருவடி வரை திரையிட்டு மறைத்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து தெரியாமல் வருகிறவர்கள் ஏமாந்து, திருவடியைப் பார்க்க முடியவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு போவார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மண்டலம் முடியட்டும் என்று காத்திருப்பார்கள்.

தைலக்காப்பு ஆன நான்காம் நாள் அக்கா போன் செய்தாள். "சாயந்தரம் வா. கோவிலுக்குப் போணும்."

"யார்?"

"நான்தான்."

"இப்பவா? திரை போட்டிருக்குமே. மண்டலம் முடிஞ்சு போனா முழுசா—"

"அதான் இப்போ போணும்ங்கறேன்" என்றாள். "அவரும் உடம்பை மூடிண்டு முகத்தை மட்டும் காட்டறார். நானும் அதைத்தானே காட்டப் போறேன்."

நான் போனபோது அவள் குளித்து, பச்சைக்கரை நூல்புடவை கட்டியிருந்தாள். காலையில் கொஞ்சம் தயிர்சாதம், அவ்வளவுதான். பையைப் புதிதாக மாற்றியிருந்தாள். அதன்மேல் ஜரிகை வைத்த துணிப்பட்டை. செருப்பு விடும் இடத்தில் அவள் தயங்குவாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். "விடு, விழமாட்டேன்" என்று முன்னால் நடந்தாள்.

வரிசை ஊர்ந்தது. கம்பித் தடுப்புக்குள் புழுக்கம். பாதி தூரத்தில் அவள் வயிற்றிலிருந்து சத்தம் வந்தது, நீளமாக, தண்ணீர்க் குழாயில் காற்று வருவது போல. அதை அடக்க வழி கிடையாது. அக்கா கம்பியை இறுகப் பிடித்தாள். முன்னால் நின்ற பெண் திரும்பினாள். பெரம்பலூர் பக்கம்போல, தோளில் தூங்கும் குழந்தை.

"பசியா மாமி? எனக்கும் காலைலேருந்து ஒண்ணும் இல்ல. பாத்துட்டுத்தான் சாப்புடணும்னு வந்தேன்" என்றாள்.

"ஆமாம்மா" என்றாள் அக்கா. "ரொம்ப நாள் பசி."

சன்னதிக்குள் இருட்டும் தைல வாசனையும். விளக்கொளியில் திருமுகம் மட்டும் தெரிந்தது. கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு. அதற்குக் கீழே வெள்ளைத் திரை. "சேவிச்சுண்டே நகருங்கோ, நகருங்கோ" என்ற குரல். அக்கா கையைக் கூப்பவில்லை. வலது கை இடுப்பின் இடது பக்கத்தில், புடவைக்கு மேல், பையை மூடியபடி இருந்தது. கண் இமைக்காமல் பார்த்தாள். யாரோ பின்னாலிருந்து தள்ள, நகர்ந்தோம்.

வெளியே வந்து பிராகாரத்துத் தூண் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"இளைச்சிருக்கார்" என்றாள்.

"கல்லு எப்படி இளைக்கும்?"

"மூணு வருஷம் பாக்கலைன்னா உனக்கும் அப்படித்தான் தெரியும்." தண்ணீரைக் குடித்துவிட்டு, "என்னை அடையாளம் தெரிஞ்சிருக்குமோ?" என்றாள். என்னைக் கேட்பதுபோல இல்லை.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். மண்டலம் முடியும் வரை ஒருநாள் விடவில்லை. போய்விட்டு வந்து எனக்குப் போன் செய்வாள். "ஆஜர் கொடுத்தாச்சு" என்பாள். குரல் பழைய ட்ரங்க் கால் குரலாக இருந்தது.

ஆவணியில் ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை. அதே வாரம் மண்டலம் முடிந்து திரையை எடுத்தார்கள். திருவடி சேவை தொடங்கியது. அவர் முழு உடம்பையும் காட்டத் தொடங்கியதிலிருந்து அக்கா மறுபடி கோபுர வாசல் வரைதான் போகிறாள்.